பாசி மாப்பிள்ளை

பழவேற்காட்டுத் தண்ணீரில் இருக்கிற பாசி அத்தனைக்கும் பேர் சொல்லத் தெரிகிற வரைக்கும் மாமனார் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாசம் நான் போட்ட சபதம் இது. சிரிக்காதீர்கள். அவரவர் மாமனார் வீட்டில் அவரவர் பட்டது அவரவருக்குத்தான் தெரியும்.

நான் அப்போது நகரி ஹைஸ்கூலில் நேச்சுரல் சயின்ஸ் வாத்தியார். எங்கள் தெருவில் காலையிலிருந்து தறிச் சத்தம்தான். தண்ணீர் என்றால் கிணறு. மழை பெய்தால் ஆறு. கடல் என்பது வகுப்பு மேப்பில் நீலமாக இருக்கும், அதைக் குச்சியால் தொட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் அம்சவேணி. பழவேற்காட்டுக்காரி. அவள் நைனா, அதாவது என் மாமனார் நாகபூஷணம், அங்கே கிளிஞ்சல் சுண்ணாம்பு வியாபாரம். பின்கட்டுக் கதவைத் திறந்தால் ஏரி, படகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கடல்.

தலைப்பொங்கலுக்குப் போனேன். புது வேட்டி, புதுச் செருப்பு, புது மூக்குக் கண்ணாடி. கரையில் மாமனார், என் மச்சான் சிட்டிபாபு, படகுக்காரர்கள் ஒரு பத்துப் பேர். மாமனார் குனிந்து தண்ணீரிலிருந்து பச்சையாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மாப்ளே, நீங்க சயின்ஸ் வாத்தியாராச்சே. நாங்க பொறந்ததுலேருந்து இதப் பாத்துகினு இருக்கறோம். இது இன்னான்னு நீங்கதான் சொல்லணும்."

வாங்கினேன். திருப்பிப் பார்த்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, ஹைகோர்ட் ஜட்ஜ் தீர்ப்பு சொல்கிற மாதிரி சொன்னேன்.

"பாசி."

படகுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஏரியில் இருந்த நாரையெல்லாம் எழும்பிப் பறந்தது. ஒருத்தர் சிரிப்புத் தாங்காமல் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டார். அன்றைக்கு எனக்குப் பேர் வைத்தார்கள், பாசி மாப்ளே. தெருவில் போனால் பாசி மாப்ளே. பந்தியில் உட்கார்ந்தால், "பாசி மாப்ளேக்கு இன்னொரு வடை வைம்மா." எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாளே ரயில் ஏறினேன். அரக்கோணம் வருவதற்குள் சபதம் போட்டாகி விட்டது.

அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் போகாமல் அவளும் போகவில்லை. அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று அம்சவேணி கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நல்ல சாக்கு இருந்தது. அதுதான் எல்லைத் தகராறு. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று எங்கள் பக்கம் கூட்டமும் கோஷமுமாகக் கிடந்த காலம். "ஊரே கொதிச்சுகினு இருக்குது, இப்ப போயி விருந்தாடறதா? எல்லை தீரட்டும்டி" என்பேன். சர்க்கார் விஷயம் நம் காலத்தில் எங்கே தீரப் போகிறது என்று தைரியமாக இருந்தேன்.

தீர்த்துத் தொலைத்து விட்டார்கள். ஐம்பத்தொன்பது ஐப்பசியில் ரெண்டு சர்க்காரும் ஒத்துக்கொண்டு விட்டதாகப் பேப்பரில் வந்தது. திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம், நகரி இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தப் பேப்பரை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் அம்சவேணி.

"எல்லைதான் தீந்துபோச்சே. இந்தப் பொங்கலுக்காவது எங்கம்மா வூட்டுக்குப் போலாங்களா?"

"எல்லை தீந்துச்சு. என் சபதம் தீரலியே?"

"பாசிக்குப் பேர் தெரியணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதானேவா? கெணத்துப் பாசின்னு நெனச்சியா? கடல்பாசி ஆயிரம் தினுசு. அதுக்குன்னு புத்தகம் வேணும். தண்ணில நின்னுகினே ஒரு கையில பாசிய எடுத்து, ஒரு கையில புத்தகத்தப் பாத்து, இதான் அதுன்னு சொல்ற மாதிரி."

"கெடைச்சா?"

"கெடைச்சா இந்தப் பொங்கல் அங்கதான்."

ரொம்ப தாராளமாகச் சொன்னேன். கடலே இல்லாத சித்தூர் ஜில்லாவில் கடல்பாசிப் புத்தகம் விற்கிற புண்ணியவான் யார்? அவள் தட்டில் சோற்றை வைத்தபடி, "எங்கம்மா மொகத்தப் பாத்து ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்றாள். எனக்கும் மனசு என்னவோ செய்தது. ஆனால் பாசி மாப்ளே என்ற குரல் காதில் விழுந்ததும் அந்த என்னவோ போய்விட்டது.

கார்த்திகையில் ஒரு நாள், திருமலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றாள். எனக்கு மொட்டையாம். நான் எப்போது வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் ஞாபகம் வைத்திருந்தாள். போனோம். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தரிசனம் முடித்துக் கீழே திருப்பதிக்கு வந்தோம். கோவிந்தராஜர் கோயில் தெருவில் நடக்கும்போது நின்றாள்.

"ஏங்க, புத்தகக் கடை. ஒரு வார்த்த கேட்டுத்தான் பாக்கலாமே."

கடையை அண்ணாந்து பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஸ்தோத்திரம், பஞ்சாங்கம், ஸ்தல மகாத்மியம், பெருமாள் படம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாராளமா கேக்கறேன்" என்று உள்ளே போனேன். கடைக்காரர் நாகையா நாமத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் காதிலும் விழட்டும் என்று, கடல்பாசிப் புத்தகம் உண்டா எனத் தெலுங்கில் உரக்கக் கேட்டேன். "சமுத்ரம் நாச்சு புஸ்தகம் உந்தாண்டி?"

"ரெண்டு உன்னாயி சார். ஏதி காவாலி?"

ரெண்டு இருக்கிறதாம். எது வேண்டுமாம். என் மொட்டையில் வேர்த்து சந்தனம் மூக்கில் இறங்கியது. ஏழுமலையான் கைவரிசை என்று நினைத்துக்கொண்டேன்.

நாகையா ரெண்டையும் எடுத்து வைத்தார். ஒன்று சீமையில் அச்சடித்தது, எண்ணூறு பக்கம், செங்கல் கனம். இன்னொன்று மெட்ராசில் போட்டது. ஒல்லி. கிழக்குக் கரைப் பாசிகள், கலர் படத்தோடு. மேலே எண்ணெய்த்துணி அட்டை. நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. குண்டைத் தூக்கினேன். அதைப் படித்து முடிக்கப் பத்துப் பொங்கல் ஆகும்.

"இதான் புத்தகம்."

"இது எந்த ஊர்க் கடலுங்க?"

"இங்கிலாந்து."

"இதுல இருக்கறது நம்ம ஏரில இருக்குமா?"

"கடல் எல்லாம் ஒண்ணுதாண்டி."

"ஓகோ. ஒரு அடி மண்ணு வுடக்கூடாதுன்னு டீக்கடையில நின்னுகினு தொண்ட கிழிய கத்தினது யாரு? மண்ணுக்குத்தான் எல்லை, கடலுக்கு இல்லியா?"

நாகையா நாமம் நெளியச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்தது. "படிச்சவன் படிக்கறது இதுதான்" என்றேன்.

"சரிங்க, படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பெருசே வாங்குங்க. ஆனா தண்ணில நின்னுகினு பாக்கணும்னு சொன்னீங்களே, இங்கியே ஒரு தபா நின்னு காட்டுங்க. கை பழகட்டும்."

இதில் என்ன கஷ்டம்? இடது கையால் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினேன். வலது கையில் குண்டுப் புத்தகம்.

"இப்ப பாசிய எடுங்க."

எதால் எடுப்பது? ரெண்டு கையும் தீர்ந்துவிட்டது. தோற்கக் கூடாதென்று வேட்டி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் இல்லாத பாசியைக் குனிந்து எடுத்தேன். புத்தகத்தின் கனத்தில் வலது மணிக்கட்டு ஆடியது.

"எடுத்துட்டீங்களா? இப்ப பேர் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். வேட்டி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் மொட்டை மொட்டையாகப் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை. யாரோ ஒரு புண்ணியவான், நான் வித்தை காட்டுகிறேன் என்று நினைத்து, கையில் காசோடு முன்னால் வந்தார். ஒல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன்.

சரி, புத்தகம் வந்தாயிற்று. ஆனால் பேரெல்லாம் வாயில் நுழைய வேண்டுமே? அங்கேதான் எனக்கு ஒரு மாணவி கிடைத்தாள். காபி கொடுக்கும்போது நாலாம் பக்கத்தைத் திறந்து நீட்டுவாள்.

"இது இன்னாங்க?"

"உல்வா."

"அல்வாவா?"

"உல்வாடி! உல்வா! எலை மாதிரி அகலமா, கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும்."

குளிக்க வெந்நீர் வைக்கும்போது ஒன்பதாம் பக்கம். அது கீட்டோமார்ஃபா, தலைமயிர்ச் சிக்கு மாதிரி இருக்கும். ஸ்கூலுக்குக் குடை எடுத்துத் தரும்போது பதினாலாம் பக்கம், கிராசிலேரியா. மறுநாள் கேட்டால் மூன்றும் மறந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த மூன்றோடு இன்னும் ரெண்டு. ஒன்றரை மாசம் இந்த ஐந்தைத் தாண்டி அவள் போகவே இல்லை.

"மத்த பக்கமும் பாரேண்டி."

"இந்த அஞ்சே என் மண்டையில ஏறலியே. நீங்க இன்னொரு தபா சொல்லுங்க."

என் சர்வீசில் இத்தனை மந்தமான மாணவியை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் என் தோள் மேல் குனிந்து படம் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. எதிர் வீட்டுத் தறி அடிக்கிற தாளத்துக்கு ஐந்து பேரையும் பாட்டு மாதிரி சொல்வேன். அவள் தலையாட்டுவாள். அந்த மார்கழி மாதிரி ஒரு மார்கழி எனக்குத் திரும்ப வரவில்லை.

பொங்கலுக்குப் போனோம். அரக்கோணத்தில் மாறி, மெட்ராசில் மாறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தோம். வழி முழுக்க நான் பாசிப் பேர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலோரம் காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உப்புக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரையில் அதே ஆட்கள். அதே பத்துப் படகுக்காரர்கள். மாமனார் ஒரு முறத்தில் ஐந்து தினுசுப் பாசி பரப்பி வைத்திருந்தார்.

"வாங்க மாப்ளே. இதுங்களுக்குப் பேர் உண்டா?"

புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டேன். "உல்வா."

"அல்வான்னா துன்னலாமா மாமா?" என்றான் சிட்டிபாபு. மாமனார் ஒரு முறை முறைத்தார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பொறாமை என்று நினைத்தேன். "கீட்டோமார்ஃபா. கிராசிலேரியா." ஐந்தாவது கொஞ்சம் தடுக்கியது. அம்சவேணி இருமினாள். சட்டென்று ஞாபகம் வந்து அதையும் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. படகுக்காரர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். "வாத்தியார்னா வாத்தியார்தான்" என்றார் மாமனார்.

என் மாமியார் கங்கம்மாள் மட்டும் இந்தப் பரீட்சையைப் பார்க்கவில்லை. அவர் அம்சவேணி முகத்தை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். ரெண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைக்காக ரெண்டு வருஷம் இவளை இங்கே வர விடாமல் வைத்திருந்தோமே என்று புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதன் பிறகு மாமனாரும் மாமியாரும் இருந்த வரைக்கும் ஒரு பொங்கல் கூடத் தவற விடவில்லை.

அந்த ஒல்லிப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலாம் பக்கத்தில் ஒரு உல்வா காய்ந்து ஒட்டியிருக்கிறது, மூக்கில் வைத்தால் லேசாக உப்பு வாசனை. முறத்தின் முன்னால் நான் நின்ற கதையை முப்பது வருஷமாகச் சொல்லாத ஆள் இல்லை. போன மாசம் திருப்பதியில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து சம்பந்திக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிட்டிபாபு, இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கடிதாசை எடுத்தான். நைனா பெட்டியில் இருந்ததாம். அம்சவேணி கையெழுத்து. தேதி, ஐம்பத்தொன்பது மார்கழி. எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தான்.

"நைனாவுக்கு நமஸ்காரம். திருப்பதிக் கடைக்காரர் நாகையாவுக்கு நான் முன்னாடியே கார்டு போட்டேன், அதன்படி அவர் புத்தகம் வரவழைத்து வைத்திருந்தார். இவருக்குத் தெரியாது. நம் ஏரியில் இருப்பது அதில் ஐந்துதான். ஐந்துக்கும் பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். இவை மட்டும் முறத்தில் இருக்கட்டும். சிட்டிபாபு வேறு எதையாவது நீட்டினால் அவனோடு பேச மாட்டேன். நான் மறந்த மாதிரி தினம் கேட்டுக் கேட்டு இவருக்கு நாலு மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாவது தான் தகராறு. தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கக் கூடாது. படகுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். இவர் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது."

கல்யாணக் கூடமே சிரித்தது. நான் மெதுவாக அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏண்டி, முப்பது வருசமா ஊரெல்லாம் சொல்லிகினு வந்தேனே. அப்போ நானா சொன்னதுன்னு ஒண்ணுமே இல்லியா?"

அவள் என் மாலையைச் சரிசெய்தாள்.

"ஏன் இல்ல? மொத மொதல்ல பாசின்னு சொன்னீங்களே, அது நீங்களா சொன்னதுதான். அதுவும் கரெக்ட்டுதாங்க."