அரைநிலாவுக்கு எந்தப் பக்கம் முதுகு?

கம்ப்யூட்டர் திரையில் இருந்த அரைநிலா தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சர்க்யூட் போர்டு வரைகிற ஆனந்த்ராஜ் கேட்லாக்கைத் திருப்பிப் பார்த்தான். தலையைத் திருப்பிப் பார்த்தான். நாற்காலியை விட்டு எழுந்து மானிட்டருக்குப் பின்னால் போய்க்கூடப் பார்த்தான். அங்கே ஒயர்தான் இருந்தது. சந்தேகமே இல்லை, டிரான்சிஸ்டரின் படம் இடவலம் மாறியிருந்தது.

டிரான்சிஸ்டர் என்பது மிளகு சைஸில் ஒரு கறுப்புச் சாமான். மூன்று கால், வட்டமான வயிறு, தட்டையான முதுகு. மேலிருந்து பார்த்தால் அரைநிலா. முதுகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சர்க்யூட் போர்டில் ஒரு அரைநிலாப் படம் அச்சாகியிருக்கும். அதன்மேல் பொருத்திப் பற்றவைக்க வேண்டும். திருப்பி வைத்தால் வேலை செய்யாது.

இந்தப் படங்களெல்லாம் சாஃப்ட்வேருக்குள் 'லைப்ரரி' என்ற இடத்தில் இருக்கும். எந்த போர்டு வரைந்தாலும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். சாம்பார்ப் பொடி டப்பா மாதிரி. டப்பாவில் வண்டு விழுந்தால் எல்லா நாள் சாம்பாரிலும் வண்டுதான்.

கேட்லாக்கில் அடியிலிருந்து பார்த்தபடி போட்டிருந்த படத்தை, மேலிருந்து பார்த்தது என்று நினைத்து யாரோ ஒரு மகானுபாவர் வரைந்துவிட்டார். ஆனந்த்ராஜ் வேலை பார்க்கும் ராஜ் கண்ட்ரோல்ஸின் முதலாளி பாண்டியராஜ்தான் அந்த மகானுபாவர். லைப்ரரியின் தலைப்பிலேயே அவர் பெயரும், 1995 என்ற வருஷமும் கல்வெட்டு மாதிரி இருந்தன.

இப்போது 2004. இந்த ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டுகள் போயிருக்கின்றன. மூன்று ஃபேஸ் கரண்ட் வந்தவுடன் தானே மோட்டாரைப் போடும் சாதனம். திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை போர்க் கிணறுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் தப்பென்றால் ஒன்றுகூட ஓடியிருக்கக் கூடாது. பாண்டியராஜுக்குப் பயந்து மின்சாரமே திரும்பி ஓடுகிறதோ என்று ஆனந்த்ராஜுக்குத் தோன்றியது.

ஒரு பழைய போர்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பார்க்க வழியில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் காப்பியடித்துவிடுவார்கள் என்று, பற்றவைத்த கையோடு போர்டின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடுவது அந்தக் கம்பெனி வழக்கம். டெஸ்ட்டெல்லாம் அதற்கப்புறம்தான். "முன்னாடி டெஸ்ட் பண்றவன் தன் மேல நம்பிக்கை இல்லாதவன்" என்பது பாண்டியராஜ் வாக்கு.

அவரோ சென்னையில் இரண்டு நாள் செமினார் முடித்து, கழுத்து அட்டையைக் கழற்றாமலே திரும்பியிருந்தார்.

"ஆனந்தா, லைப்ரரிங்கிறது ஒரு கம்பெனியோட கர்ப்பகிரகம். என் கையெழுத்து இல்லாம எவன் உள்ள கை வச்சாலும் அன்னைக்கே வீட்டுக்கு. நீ டூப்ளிகேட்ட மட்டும் அழி."

டூப்ளிகேட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 'டிக்' என்று அடித்து மோட்டாரைப் போடும் ஸ்விட்சுக்கு மட்டும் 'ரிலே', 'ரிலே புதுசு', 'ரிலே ரொம்பப் புதுசு', 'ரிலே இதுதான் சரி', 'ரிலே அது இல்ல இது' என்று கர்ப்பகிரகத்தில் ஐந்து சாமிகள் இருந்தன.

முதலாளியிடம் போய் 'உங்கள் படம் தப்பு' என்று சொல்லும் நிலையில் ஆனந்த்ராஜ் இல்லை. ஆவணியில் கல்யாணம். வத்தலக்குண்டு மாமனார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மாப்ள, வேலை நிரந்தரம்னு லெட்டர் வரட்டும். அப்புறந்தான் பத்திரிகை அடிக்கிறது." அந்த லெட்டர் பாண்டியராஜின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. டீ ஆறியது. ஒரு சொடுக்குதான்! அரைநிலாவைத் திருப்பிவிட்டு, நெய்க்காரப்பட்டி மோட்டார்க் கடை ஆண்டிச்சாமியின் இருநூறு போர்டு ஆர்டரைப் போர்டு அச்சடிக்கும் பெங்களூர்க் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினான்.

ஆறாம் நாள் போர்டுகள் வந்தன. சால்டரிங் அறையில் சைனம்பு பற்றவைத்தாள், பிசின் ஊற்றினாள். பேகம்பூர்க்காரி. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். பற்றவைக்கும் சூடு ஆறக்கூடாதென்று அந்த அறையில் ஃபேன் கிடையாது. ஏசி அறைக்காரர்கள் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதும் கிடையாது.

இருநூறு போர்டையும் டெஸ்ட் செய்தார்கள். ஒன்றுகூட 'டிக்' என்று சத்தம் போடவில்லை.

ஆனந்த்ராஜ் டெஸ்ட் மேஜைக்கு ஓடினான். ஒரு போர்டை எடுத்து ஸ்குரூடிரைவரால் பிசினைச் சுரண்டினான். பிசினோடு டிரான்சிஸ்டரும் பெயர்ந்து வந்தது. எந்தப் பக்கம் பார்த்து நின்றாய் என்று கேட்டால் சொல்ல அதற்கு வாயில்லை.

"பெங்களூர்க்காரன் சொதப்பிட்டான் சார்" என்றான் முதலாளியிடம்.

பாண்டியராஜ் பெங்களூருக்குப் போன் போட்டார். "நீங்க அனுப்பினதத்தான் அடிச்சோம்" என்றது பெங்களூர்.

"ஏலே, லைப்ரரியத் திற. நானே பாக்குறேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, ஏசி அறைக்கு நடந்து வருவதற்குள் ஆனந்த்ராஜ் அரைநிலாவைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை.

பாண்டியராஜ் குனிந்து பார்த்தார். முகத்தில் பிள்ளையைப் பார்த்த பூரிப்பு.

"பாத்தியா? என் கையால வரைஞ்சது. ஒரு கோடு அசைஞ்சிருக்கா? மறுபடி இருநூறு ஆர்டர் போடு. தப்பு லைப்ரரில இல்ல, பொம்பளைக பத்தவைக்கிறதுல இருக்கு. டிசிப்ளின் இல்ல!"

அன்றே சால்டரிங் அறையில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'சாமான்களைப் படத்தில் உள்ளபடியே பொருத்த வேண்டும். மீறினால் நடவடிக்கை.' கீழே மூன்று அங்குலத்துக்குக் கையெழுத்து.

சைனம்பு அதை இரண்டு தரம் படித்தாள்.

"இனிமே படத்துல உள்ள மாதிரியேவா சார்? நெசமாத்தானா?"

"என்ன நெசமாத்தானா? எழுத்துல ஒட்டியிருக்கேன்ல!" என்றார் பாண்டியராஜ்.

"அப்பச் சரி சார்."

மறுபடி போர்டு வரும்வரை ஆறு நாளும் ஆனந்த்ராஜ் தூங்கவில்லை. ஆனால் ஒரு நிம்மதி இருந்தது. பழைய படம், பழைய போர்டு. ஒன்பது வருஷமாக ஓடியது இப்போதும் ஓடித்தானே ஆக வேண்டும்? காரணம் எதற்கு? பஸ் ஓடினால் போதாதா, இஞ்சினை ஏன் திறக்க வேண்டும்?

இரண்டாம் இருநூறு வந்தது. பற்றவைத்தாகிவிட்டது, பிசினும் ஊற்றியாகிவிட்டது. டெஸ்ட் செய்யும் நேரத்தில் ஆண்டிச்சாமியே நேரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, ஊருல கத்திரிச் செடியெல்லாம் வாடுதுங்க. கரண்டு வாரப்ப மோட்டாரப் போட ஆளில்லீங்க. இன்னைக்காவது குடுத்துருவீங்களா?"

"உக்காருங்க. என் போர்டு ஒம்பது வருசத்துல ஒண்ணு திரும்பி வந்திருக்கா? கேட்டுப் பாருங்க!" என்று பாண்டியராஜ் முதல் போர்டைத் தம் கையாலேயே மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை.

இரண்டாவதும் அப்படியே. பத்தாவதுக்கு மேல் அவர் மாட்டவில்லை. ஆண்டிச்சாமி மரியாதைக்காகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவன் என் லைப்ரரில கை வச்சது?"

ஆனந்த்ராஜின் கண்முன் வத்தலக்குண்டு மாமனார் ஒருமுறை வந்து போனார். இனி மறைத்துப் பயனில்லை.

"நான்தான் சார். மொதத் தடவை மட்டும். அரைநிலாப் படம் தலைகீழா இருந்துச்சு. திருத்தினேன். ஓடல. பழையபடியே வச்சேன். அதுவும் ஓடல. ஏன்னு சத்தியமாத் தெரியல சார்."

"தலைகீழா? என் படமா?" பாண்டியராஜின் கழுத்து அட்டை ஆடியது. "ஒம்பது வருசமா நாட்டுல எவனுக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? தப்பு பண்ணினா நானே சொல்லியிருக்க மாட்டேனா? நான் என்ன மறைக்கிற ஆளா?" மேஜையிலிருந்த நிரந்தர வேலை லெட்டரை எடுத்து இரண்டாக மடித்தார். கிழிக்க விரல் வைத்தார். "போயிரு!"

வாசலில், மண்ணெண்ணெய்த் துணியால் விரலில் ஒட்டிய பிசினைத் துடைத்தபடி சைனம்பு நின்றிருந்தாள்.

"தம்பிய எதுக்கு சார் வையிறீக? தொண்ணூத்தஞ்சுல மொத லாட்டு ஓடாமக் கெடந்தப்ப, 'அரைநிலாவ மாத்தி வரைஞ்சிட்டேன் சைனம்பு, இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் படத்துக்கு நேர்மாறா மாட்டு, யார்ட்டயும் மூச்சு விடாத, நாளைக்குத் திருத்திடுறேன்'னு நீங்கதான சொன்னீக? நோட்டீசப் பாத்துட்டு, அந்த நாளைக்கு ஒருவழியா வந்திருச்சாக்கும்னு இந்த லாட்டுலதான் மாத்தி மாட்டுறத நான் நிப்பாட்டுனேன்."