ஜீப்பில் போன வயிற்றுவலி

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் மாதவிடாய்க்குப் பெயரே கிடையாது. "அந்தக் கரைச்சல்" என்போம், அதுவும் அப்பா குளிக்கப் போன பிறகு. வலிக்கிறது என்றால் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "எல்லாருக்கும் உள்ளதுதானே, பொத்திக்கொண்டு படு." நானும் மாதாமாதம் வாந்தியெடுத்து, மயங்கி, பொத்திக்கொண்டு படுத்தேன். (பெரிய வீராங்கனை!)

அப்படியொரு நாளில்தான் வெள்ளவத்தையில் எனக்கு முதல் இன்டர்வியூ. மாத்திரை போட்டும் வலி உயிரை எடுத்தது. விடுவேனா? சுடுதண்ணிப் பையை வயிற்றோடு வைத்துத் துணியால் இறுக்கி, மேலே அக்காவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை.

நாட்டில் யுத்தம். தமிழ்ப் பெண், சேலை, இடுப்பில் ஒரு பொதி. இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க அந்த மூளைக்குத் தெரியவில்லை!

கொச்சிக்கடை சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண் சிப்பாய் என் வயிற்றைத் தடவினாள். சூடு! பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினாள். சனம் சிதறியது. அதுவரை பஸ்ஸில் பக்கத்திலிருந்து என்னோடு கதைத்து வந்த அன்ரி, என்னைக் கண்டதே இல்லையென்று சிங்களத்தில் சத்தியம் செய்தா. எனக்கோ படித்த சிங்களம் முழுவதும் மறந்துபோனது. "சுடுதண்ணி, சுடுதண்ணி" என்று தமிழிலேயே கெஞ்சினேன். அந்த நேரம் பார்த்து வலி ஒரு திருகு திருக, மடிந்து விழுந்தேன். பையின் மூடி கழன்று தண்ணீர் பீறிட்டது.

குண்டு வெடிக்கிறதென்று சாவடி முழுவதும் குப்புறப் படுத்தது!

ஈரச்சேலையோடு மயங்கிக் கிடந்தவளைத் தங்கள் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சூலகத்தில் கட்டி என்று கண்டுபிடித்த லேடி டொக்டர், ஓடிவந்த அப்பாவையும் அம்மாவையும் நிறுத்தி வைத்துச் சொன்னா: "மாத்திரைக்கும் கேக்காத நோ, வாந்தி, மயக்கம், இதெல்லாம் பொறுக்கிற விசயமில்லை. உடனே கொண்டுவந்து காட்டோணும்."

அம்மா அழுதா. அப்பா என்னைப் பார்த்து, "இவ்வளவு காலமும் எனக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்றார். எனக்கும் அழுகை வந்தது. வேலை வேறு யாருக்கோ போய்விட்டது, போகட்டும். கட்டி கரைந்தது, நான் பிழைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வயிறு வலித்தாலும், சாப்பாட்டு மேசையிலேயே அப்பா உரத்த குரலில் கேட்பார்: "படுக்கிற நோவோ, ஜீப் நோவோ?"

போன மாதம் என் மகள், "ஜீப் நோ, தாத்தா" என்றாள். அப்பா சோற்றுக்கையோடு ஓட்டோ பிடிக்க ஓடினார்.