பொற்கிண்ணத்தில் குடியேறிய நண்டு

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்தத் தீவில் காடு என்று பார்த்தால் பதினொரு தென்னையும் ஒரு தாழம்புதரும்தான். அதை வைத்துச் சமாளிப்போம்.

அங்கே மிக்கேல் என்றொரு நண்டு, காலிச் சங்கில் குடியிருக்கும் இனம். உடம்பு பெருத்துவிட்டது, சங்கு பெருக்கவில்லை. மூச்சுவிடவே இடமில்லாமல் திண்டாடியவன், வீடு தேடிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலுக்குள் நுழைந்தான். நீர்க்காகங்கள் எல்லாம் புதையல், புதையல் என்று முங்கி முங்கிக் களைத்துப்போன கப்பல் அது. மூலையில் ஒரு பொற்கிண்ணம்! பொன்னை யார் பார்த்தது? அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது, புகுந்துகொண்டான்.

இந்த நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பெரிய வீட்டுக்குப் போனால், மற்றவை உடம்பு அளவுப்படி வரிசை நின்று, காலியான வீடுகளுக்கு ஒவ்வொன்றாக மாறிக்கொள்ளும். மிக்கேலின் சங்கு ரோசம்மாவுக்கு, ரோசம்மாவுடையது சவரிக்கு என்று ஏழு குடும்பம் ஒரே மூச்சில் குடிமாறிவிட்டன.

மறுநாள் மிக்கேல் கரையேறியதும் கிண்ணம் வெயிலில் பளபளத்தது. அதைக் கண்ட காவலர்கள் அவனைக் கிண்ணத்தோடு, மூழ்கிய பொருள்களுக்கான அரசாங்க அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"கப்பல்ல எடுத்தது அரசாங்கத்துக்குச் சொந்தம். கிண்ணத்த விட்டு வெளிய வாரும் ஓய்" என்றார் அதிகாரி கூழைக்கடா.

"ஐயா, உள்ள என் வயிறு வெறும் சதை. வெளிய வந்தா உங்க பியூன் முழுங்கிருவாரு."

வாசலில் நின்ற பியூன் கொக்கு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டது.

"பழைய வீட்டுக்குப் போறது?"

"அதுல ரோசம்மா இருக்கா. அவ வீட்ல சவரி."

"எல்லாரையும் காலிபண்ணச் சொல்லும்!"

"சொல்லலாம் ஐயா. ஏழு குடும்பத்துக்கும் தனித்தனி நோட்டீசு, ஒவ்வொண்ணுக்கும் மூணு நகல். எல்லாத்துலயும் நீங்கதான கையெழுத்துப் போடணும்?"

கூழைக்கடாவுக்கு இப்போதே சிறகு வலித்தது. மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'பொற்கிண்ணம் ஒன்று. உள்ளே நண்டு ஒன்று. இரண்டும் அரசாங்கச் சொத்து. சேதமின்றிப் பாதுகாக்கவும்.'

இப்போது மிக்கேல் கண்ணாடிப் பெட்டியில் சொகுசாக இருக்கிறான். மூன்று வேளையும் பாசியும் மீன்துண்டும் தேடி வருகின்றன. காவலுக்குப் போட்டிருப்பது அதே கொக்கைத்தான். நண்டின் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அதற்கு வேலை போய்விடும்.

நீதி: குடிமகனாய் இருந்தால் கொக்கு கொத்தும், அரசாங்கச் சொத்தாகிவிட்டால் அதே கொக்கு குடை பிடிக்கும்.