கண்ணாடிப் புட்டித் தண்ணீர்

“ஃபோட்டினி, குடிக்காதே! துப்பு!”

ஸ்டாமாட்டிஸ் போட்ட சத்தத்தில் அவன் மனைவி பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். ஆறு மாத வயிறு ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“என்ன, உள்ள பல்லி கிடக்கா?”

“பல்லின்னாக்கூடப் பரவாயில்லை. இந்தப் பாட்டில் எல்லாம் பால்கனி வெயில்லயே கிடந்திருக்கு. சூட்டுல பிளாஸ்டிக்லேருந்து ரசாயனம் தண்ணியில இறங்குமாம். வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம்.”

வருஷக்கணக்கில் காத்திருந்து உண்டான பிள்ளை. சிரிக்கப் போன ஃபோட்டினி அடக்கிக்கொண்டாள்.

பாட்டில்கள் குப்பைக்குப் போயின. தகர டப்பாவில் அடைத்த சோடா வந்தது. டப்பாவுக்குள்ளும் ஏதோ பூச்சு உண்டு என்று கலமாட்டா துறைமுக அலுவலகத்தில் அவனோடு வேலை பார்ப்பவன் கிளப்பிவிட்டான். அட்டைப்பெட்டித் தண்ணீருக்கு மாறினான். ஒரு பெட்டியைக் கிழித்துப் பார்த்தால், உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் தோல்! அன்றிரவு அவனுக்குத் தூக்கமே இல்லை.

“குழாய்த் தண்ணி இருக்கே?” என்றாள் ஃபோட்டினி.

“இந்தக் கட்டடத்துக் குழாய்க்கு நம்ம ரெண்டு பேரையும் விட வயசு அதிகம். உள்ள என்ன குடியிருக்கோ!”

கடைசியில் டைகெட்டஸ் மலைக்குக் காரை விட்டான். ஊற்றிலிருந்து கண்ணாடிப் புட்டிகளில் தண்ணீர் பிடித்து, நாலு மாடியும் மூச்சிரைக்கச் சுமந்து வந்தான்.

பக்கத்து வீட்டுக் கலியோப்பி கதவைத் திறந்து பார்த்தாள். “ஏண்டா, பிள்ளை உண்டாகியிருக்கறது அவளா, நீயா?”

அவன் காதில் வாங்கவில்லை. “இதைத்தான் குடிக்கணும். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு!”

“சரி, சரி” என்றாள் ஃபோட்டினி.

சில வாரம் கழித்து அவனுக்கு வயிற்றை முறுக்கிப் பிடித்தது. அலுவலகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

“என்ன தண்ணி குடிக்கறீங்க?” என்றார் டாக்டரம்மா.

“மலை ஊத்துத் தண்ணி. சுத்தமானது. மாசமா இருக்கற என் சம்சாரத்துக்கு வெயில்ல கிடந்த பிளாஸ்டிக் பாட்டில் ஆகாதேன்னு நானே பிடிச்சுட்டு வர்றேன்.”

“மேல ஆடு மேயுதா?”

“மேயும்... மணிச் சத்தம்கூடக் கேக்கும்...”

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “வெயில்ல கிடந்த பிளாஸ்டிக் வேண்டாம்னது சரி. குழாய்த் தண்ணியைச் சோதிச்சுப் பாத்துட்டு கண்ணாடிக் குடுவையில வச்சிருந்தாப் போதுமே! ஆட்டுப் புழுக்கை கலந்த ஊத்துல கிருமி இருக்கும், ஐயா. கர்ப்பிணி குடிச்சா பெரிய ஆபத்து.”

‘என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனா?’ எழுந்து ஓடப் பார்த்தான். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாய் இழுத்தது. நிமிர்ந்து பார்த்தான். தலைக்குமேல் தொங்கிய மருந்துப் பை முழுக்க பிளாஸ்டிக்.

“ஐயோ, இதுவுமா!”

நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கினாள். அப்போது கதவு திறந்தது. ஃபோட்டினி, அவள் பின்னால் கலியோப்பி.

“வயித்து வலி உண்டா? குழந்தை அசையுதா? மறைக்காம சொல்லு!” அவன் விம்மிவிட்டான்.

ஃபோட்டினி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கலியோப்பிக்குப் பொறுக்கவில்லை. “அழாதேடா! அவ அதுல ஒரு வாய் குடிக்கலை. உன் மலைத்தண்ணியை என் பூந்தொட்டிக்கு ஊத்திட்டு, தினம் என் ஃப்ரிட்ஜ்ல இருக்கற பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் காலி பண்றா!”