வடிவமைக்கவா? சரி!

"இன்னையிலேருந்து இந்த வீட்டுக் கம்ப்யூட்டர் தமிழ்லதான் பேசும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இப்படி ஒரு பிரகடனம் செய்துவிட்டு அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகள் மேசைக்கு அடியில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்றோடு அவளுக்கு நாலு வயது. கம்ப்யூட்டர் எந்த மொழியில் பேசினாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சுழி போடுவார். எல்லாம் திருத்தியானதும் ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பதினாறு வருஷமாக இதே வேலை. அதனால் உலகத்தில் பிழை செய்கிறவர்கள் எல்லாரும் மற்றவர்கள்தான் என்ற முடிவுக்கு அவர் வந்து வெகு நாளாயிற்று.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அங்கே அதற்கு ஒரு மெஷின் தேவைப்பட்டது. வீட்டில் வெறும் கண்ணே போதுமாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு மெய்ப்புப் பாக்குறதுதான் தொழில். மெய் பேசுறது அவர் தொழில் இல்ல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். வேறு என்ன செய்வது?

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மகள் முதன்முதலில் பேசிய வார்த்தை எது என்ற வழக்கு அந்த வீட்டில் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. 'அப்பா' என்றார் அவர். 'மாமா' என்றாள் மனைவி.

மாமா என்றால் அவளுடைய அண்ணன். இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அந்த வீட்டில் எது நின்றுபோனாலும், மின்விசிறியோ கடிகாரமோ, "எங்க அண்ணனைக் கூப்பிடவா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அண்ணன் வருவார். ஒரு தட்டுத் தட்டுவார். நின்றது ஓடும். "அவ்வளவுதான் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே மாப்பிள்ளைக்கு உச்சந்தலை சூடாகும். மின்விசிறியை விட்டுக்கொடுக்கலாம். மகளின் முதல் வார்த்தையையுமா?

"எங்க அண்ணன் காதால கேட்டிருக்காரு."

"காது ஆதாரம் ஆகுமா? என்கிட்ட வீடியோ இருக்கு!"

இருந்தது. பழைய கேமராவின் மெமரி கார்டில் இருந்தது. தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, கேமராவை நிமிர்ந்து பார்த்து, இரண்டு பல் தெரியச் சிரித்து, 'அப்பா' என்று சொல்லும். பதினொரு விநாடி. யாரும் இல்லாதபோது கேமராவை எடுத்து அதை எத்தனை தரம் பார்த்திருப்பாரோ, அவருக்கே தெரியாது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மச்சான் வருகிறார். அவர் முன்னாலேயே அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி வழக்கை முடித்துவிடுவது என்று திட்டம். அந்தக் கார்டு வெறும் கார்டு இல்லை, துருப்புச்சீட்டு.

துருப்புச்சீட்டைக் கம்ப்யூட்டரில் செருகினார். அலமாரியில் ஒளித்துவைத்த கோபமோ என்னவோ, கார்டு திறக்கவில்லை. புதிதாகத் தமிழ் கற்ற கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது: 'இந்த அட்டையைப் பயன்படுத்தும் முன் வடிவமைக்க வேண்டும். வடிவமைக்கவா?'

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வடிவமைப்பு! அச்சகத்தில் தினமும் கேட்கிற வார்த்தை. படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் அழகாக அடுக்கி வைப்பதற்குப் பெயர் பக்க வடிவமைப்பு. கேட்காமலேயே படங்களை அழகாக அடுக்கித் தருகிறேன் என்கிறதே! ஆங்கிலத்தில் இருந்தவரை இது இவ்வளவு மரியாதையாகப் பேசியதுண்டா?

'ஆம்' என்றார். உடனே இன்னொரு கட்டம் வந்தது.

'எச்சரிக்கை: தரவுகள் அனைத்தும் அழிக்கப் படும். தொடர சரி என்பதை அழுத்தவும்.'

அவர் முகம் சுருங்கியது.

"அழிக்கப், படும்னு தனித்தனியா பிரிச்சுப் போட்டிருக்கான்! 'அழிக்கப்'னு ஒரு வார்த்தை தனியா நிக்குமா? சேர்த்து எழுத வேண்டாமா? அடுத்தது பாரு, 'தொடர சரி'யாம். 'தொடரச் சரி'. நடுவுல 'ச்' எங்கய்யா?"

இரண்டு பிழைகளையும் வாயாலேயே திருத்தினார். திருத்தி முடித்தால் கை தானாக அடுத்த வேலைக்குப் போய்விடும். பதினாறு வருஷப் பழக்கம். 'சரி' போட்டார்.

இரண்டு நொடிதான். கார்டு திறந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது.

மெய்ப்புப் பார்க்கிறவர்கள் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள் என்று அச்சகத்தில் ஒரு கேலி உண்டு. இப்போது அவர் அந்த வாக்கியத்தை இரண்டாம் முறையாக, பொருளுக்காக, மனதுக்குள் படித்தார். பதினொரு விநாடி. இரண்டு பல். போச்சு. மேசைக்கு அடியிலிருந்த மகளைக் குனிந்து பார்த்தார். அவளுக்கு இப்போது வாய் நிறையப் பல். அந்தச் சிரிப்பை இனி அவளாலும் சிரித்துக் காட்ட முடியாது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஏங்க, ஏன் இப்படிப் பேய் முழி முழிக்கிறீங்க?" காலி வாளியோடு மனைவி வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கார்டை வடிவமைச்சேன்."

"என்ன செஞ்சீங்க?"

"வடிவமைச்சேன்மா. பார்மட்டுக்குத் தமிழ்ல அப்படித்தான் சொல்றானாம். இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தாள். "அமைச்ச மாதிரி தெரியலையே. ஒட்ட வடிச்சுட்டீங்க."

"இப்ப சிலேடை ரொம்ப முக்கியமா?"

"எங்க அண்ணனைக் கூப்பிடவா?"

அவ்வளவுதான். வந்த அழுகை எங்கோ போய் ஒளிந்துகொண்டது. அவர் எழுந்து நின்றார்.

"கூப்பிடாத! தலைகீழா நின்னாலும் உங்க அண்ணன் தயவு எனக்கு வேண்டாம். அழிச்சவனுக்கு மீட்கத் தெரியாதா? அஞ்சு மணிக்குள்ள நானே மீட்டுக் காட்டுறேன். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இல்லைன்னாங்கிற பேச்சே இல்ல!"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் பெண்ணுக்குப் போன் போட்டார். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் ஒரு நிமிஷம் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"சார், விரைவுன்னு ஒரு டிக் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. அதுல பிழை இல்ல."

"அப்ப பொழச்சீங்க. புத்தகத்துல பொருளடக்கத்தைக் கிழிச்சா பக்கமெல்லாம் போயிடுமா? போகாது. எது எங்கே இருக்குன்னுதான் தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும். இனிமே அந்தக் கார்டுல எதையும் எழுதாதீங்க. எழுதினா பழசு மேல புதுசு ஏறிடும். மீட்கிற புரோகிராம் ஒண்ணு அனுப்புறேன். மீட்டதைக் கம்ப்யூட்டர்ல சேமிங்க. மறந்துகூடக் கார்டுல வேண்டாம்."

போனை வைத்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. புரோகிராம் வந்தது. கார்டைத் தொட்டுக் கும்பிடாத குறையாக மறுபடி செருகினார். திரையில் இரண்டு பொத்தான்கள் தெரிந்தன: 'விரைவுத் தேடல்', 'ஆழ்தேடல்'. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு படித்தார்.

மனைவி டீயோடு வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"விரைவுன்னா இன்னிக்கு அழிஞ்சது மட்டும் வரும். ஆழ்தேடல்னா கார்டை அடிவரைக்கும் தோண்டும். எப்பவோ அழிச்சதுகூட வரும்."

"அப்ப விரைவே போதுங்க."

"ஏன்?"

"ஆழமெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அதெல்லாம் பெரிய வேலை. எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க செய்யறது. நீங்க மேலாக்கப் பாத்துட்டு எழுந்திருங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார். மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேலாக்கப் பாக்குறவனா நானு? ஒரு கால்புள்ளிக்காக ஒரு நாள் முழுக்க உட்காந்தவன்மா! உங்க அண்ணன் தோண்டாத ஆழத்தை நான் தோண்டுறேன், பாத்துக்கோ!"

'ஆழ்தேடல்' மேல் ஓங்கி ஒரு குத்து.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள், பெருமூச்சு விட்டபடி. அந்தப் பெருமூச்சு அவருக்கு அமிர்தமாக இருந்தது.

தேடல் ஆறு மணி நேரம் ஓடியது. அவர் இடத்தை விட்டு அசையவில்லை. சாப்பாடு மேசைக்கே வந்தது. மகளையும் பொம்மையையும் கம்ப்யூட்டர் பக்கம் அண்டவிடவில்லை. நாலே முக்காலுக்குக் கம்ப்யூட்டர் மணி அடித்தது: 'தேடல் முடிந்தது. 342 கோப்புகள் மீட்கப்பட்டன.' சேர்த்து எழுதியிருந்தான். இந்தப் புரோகிராம்காரன் படித்தவன்!

பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக வரிசையில் நின்றன. ஒவ்வொரு சின்னப் படத்தையும் பார்த்துக்கொண்டே போனார். தரை. குழந்தை. இரண்டு பல்.

"கிடைச்சுடுச்சு!"

அவர் போட்ட சத்தத்தில் மகள் ஓடி வந்தாள். மச்சானும் வாசலில் செருப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய திரையில் வீடியோவைப் போட்டார்.

பதினொரு விநாடி. 'அப்பா'.

மகள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "நானாப்பா அது?" என்றாள். அவருக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை அடக்கிக்கொள்ளவில்லை. ஜெயித்தவன் அழுதால் யார் கேட்கப்போகிறார்கள்?

"மச்சான், பாத்தீங்களா? யார் உதவியும் இல்ல. நானே அழிச்சேன். நானே மீட்டேன். அவ்வளவுதான்!"

"அருமை மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி. "இதுக்கு நாலு படம் முந்தி ஒண்ணு இருக்கே, அதையும் பாப்போமா?" அவர் பதில் சொல்லுமுன் மவுஸ் அவள் கைக்குப் போயிருந்தது.

அதே தரை. அதே குழந்தை. ஆனால் ஒரே ஒரு பல். திரையின் ஓரத்தில் மச்சானின் கால் இரண்டும் தெரிந்தன. குழந்தை அந்தக் கால்களைப் பார்த்துக் கை கொட்டியது. "மாமா!" என்றது.

அவர் பாய்ந்து வீடியோவை நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே அழித்தது. சிவப்பு மையில் அடித்த வார்த்தை அச்சில் வராது என்கிற நம்பிக்கையில், மறந்தே போயிருந்தது. ஆனாலும் அவர் சாதாரண ஆளா?

"இரு, இரு! மீட்ட கோப்புக்கெல்லாம் இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கு. எது முந்தி, எது பிந்தின்னு யார் சொல்ல முடியும்? பல் கணக்கெல்லாம் செல்லாது. ஒண்ணு வெளிச்சத்துல மறைஞ்சிருக்கும். முதல்ல 'அப்பா' சொல்லிட்டு அப்புறம் 'மாமா' சொல்லியிருக்கலாமே! இல்லைன்னு நிரூபி பாப்போம்!"

"நான் எதுக்குங்க நிரூபிக்கணும்?" அவள் மறுபடி ஓடவிட்டாள்.

திரையில் மச்சானின் கால்கள் நடந்து வெளியே போயின. கதவு சாத்தும் சத்தம். பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த குரல்.

"அடிப்பாவி! ராத்திரி பகலா மடியில வெச்சு அப்பா அப்பான்னு சொல்லிக்குடுத்தேனே, முதல் வார்த்தையே மாமாவா? பாப்பா, இது நமக்குள்ள இருக்கட்டும். அம்மாகிட்ட சொல்லிடாத. எங்க, அப்பா சொல்லு. அப்...பா..."

மச்சான் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். மடியிலிருந்த மகள், "ஏம்பா அம்மாகிட்ட சொல்லக் கூடாது?" என்று உரக்கக் கேட்டாள்.

"சதி!" என்று எழுந்தார் அவர். "இந்தக் கார்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நூத்துப் பதினேழு, நூத்துப் பத்தொன்பதுன்னு வீடியோ எண் இருந்துச்சு. நடுவுல ஒண்ணைக் காணோம். நாள் பூரா பிலிமுக்கு வரிசை எண் போடுறவ நான். உங்களுக்குத்தான் பக்கம் விடுபட்டது கண்ணுல படல."

"நீ எப்ப கார்டைப் பாத்த?"

"பாப்பாவுக்கு ஒரு வயசு ஆனப்பவே."

"சரி, பாத்தா பாரு! இப்பவே மறுபடியும் வடிவமைக்கிறேன். கார்டு, கம்ப்யூட்டர், ஒண்ணு பாக்கி இல்லாம வடிவமைக்கிறேன். மாமாவும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல!"

அவர் மவுஸைப் பிடுங்கினார். அவள் தடுக்கவில்லை. அதற்குள் மச்சான், சந்தடியில் கம்ப்யூட்டரில் செருகி அந்த வீடியோவை நகல் எடுத்திருந்த ஒரு பென் டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தாராளமா அழிங்க" என்றாள் மனைவி. "அப்பா மூணு வருஷமா என் போன்ல பத்திரமா இருக்காரு. காணாமப் போயிருந்தது எங்க அண்ணன் மட்டுந்தான். நல்லா ஆழமா தேடிக் குடுத்தீங்க."