வலது ஆள்காட்டி விரல் சம்பந்தமாக

தலவாக்கலை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய தனுஷன் அண்ணனுக்கு, தங்கச்சி சுலக்ஷனா எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் மச்சானும், அரை விரல் நீங்கலாக, சுகம். வத்தளையில் நீங்களும் அண்ணியும் எல்லா விரல்களோடும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

போனில் சொன்னால் நடுவிலேயே ஏசத் தொடங்கிவிடுவீர்கள் என்றுதான் கடிதம். தேயிலை ஃபெக்டரியில் இவர் நிற்கும், கொழுந்து அரைக்கும் ரோலருக்குக் கொழுந்து கொண்டுபோகும் பெல்டுக்கு ஓர் இரும்பு மூடி இருந்தது. கழுவத் தடையாக இருக்கிறதென்று போன வருஷம் கழற்றினார்கள், திரும்பப் போடவில்லை. இவர் கேட்கும்போதெல்லாம் ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்பாராம். சாமான் வருவதற்குள் பெல்ட் இவர் கையை இழுத்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. தோட்டத்துத் துரை ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கவனமாக இருக்க வேண்டுமென்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மெஷினுக்கு மேலே 'உங்கள் கைக்கு நீங்களே பொறுப்பு' என்று பலகை தொங்கியது. அதற்கு மட்டும் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை.

காயம் ஆறி வேலைக்குப் போனால் அடுத்த வில்லங்கம். அங்கே வேலைக்கு வந்ததை ஒரு பெட்டியில் விரல் வைத்துத்தான் பதிய வேண்டும். பதிந்திருந்ததோ போன விரல். மிச்சத்தை வைத்தால் அந்தப் பெட்டி ஆள் இல்லை என்கிறது. நாள் முழுக்க ரோலரில் நின்றவருக்குப் பேர் விழவில்லை, அன்றைய சம்பளமும் இல்லை. வேறு விரலைப் பதிய மேலிடத்து அனுமதி வேண்டுமாம்.

நேற்று நானே ஃபெக்டரி ஆபீசுக்குப் போனேன். துரை அங்கே, சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களுக்குத் தேயிலை ருசி காட்டிக்கொண்டிருந்தார். கிளார்க்கர் என்னிடம், "அந்த விரல்தான் வேணும் தங்கச்சி. இல்லாட்டி சிஸ்டம் எடுக்காது" என்றார்.

"அது உங்ககிட்டதாங்க இருக்கு. ரோலருக்குள்ள போனது, தேடியும் கிடைக்கல. அன்னைக்கு அரைச்ச கொழுந்தை என்ன செஞ்சீங்க?"

மெதுவாகத்தான் கேட்டேன் அண்ணா. ஆனால் வந்தவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டிக்குத் தமிழ் தெரியும். அவர்கள் என்னவென்று கேட்க, அந்த மனுஷன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துவிட்டார். கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின. ஓர் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

பின்னேரமே வெல்டிங்காரர் வந்து மூடியைப் போட்டுவிட்டதாகக் கிளார்க்கர் சொல்லியனுப்பினார். இவருடைய இடது கை விரலையும் பதிந்துகொண்டார்கள். இவர் பேசியது கையைப் பற்றி. நான் கேட்டது தேயிலையைப் பற்றி. அவ்வளவுதான் வித்தியாசம். சோறு பிசையும்போது மட்டும் இவர் அந்தக் கையைப் பிள்ளைகளுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொள்கிறார். நான் கவனிக்காத மாதிரி குழம்பு ஊற்றுகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதால் நீங்கள் லீவு போட்டு வந்து யாரோடும் சண்டை பிடிக்க வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு, சின்னவளுக்கு முத்தம். அம்மன் உங்கள் குடும்பத்துக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சி சுலக்ஷனா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இவர் வேலை விட்டு வந்தார். மூடி போட்டது, வெள்ளைக்காரர்கள் நின்று பார்க்கும் முன்பக்க ரோலருக்காம். போன வருஷம் கழற்றிய இவருடைய மெஷின் மூடியைத்தான் அளவாக வெட்டி அதற்குப் போட்டிருக்கிறார்கள்; இவருடையது இன்னும் திறந்தபடிதான். லீவு போட்டுவிட்டு வாங்க அண்ணா.