மிஸ் இல்லாத வீடு

அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்வதில்லை என்று அகராதி முடிவெடுத்தார். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்த முடிவு. உயிர் போனாலும் சரி, மானம் போனாலும் சரி, சொல்வதில்லை.

அகராதி என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். ஒரு பதிப்பகத்தில் ஆங்கில-தமிழ்க் கையகராதி தயாரிக்கிறார். பன்னிரண்டு வருஷமாகப் பொருள் எழுதி, இப்போதுதான் எம் எழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். ஆனால் தெரு அந்தப் பெயரை வைத்தது அவர் வேலையைப் பார்த்து அல்ல. ‘சரியான அகராதி பிடிச்ச ஆளு’ என்று சொல்வார்களே, அந்த அர்த்தத்தில்.

அவர் மனைவியைத் தெருவே ‘மிஸ்’ என்று கூப்பிட்டது. மழலைப் பள்ளி டீச்சர். பால் போடுகிறவர், கேஸ் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டு வக்கீல் எல்லாருக்கும் அவள் மிஸ்தான். இருபத்தாறு வருஷமாக ஒரு ஆணோடு குடித்தனம் நடத்துகிற பெண்ணை அப்படிக் கூப்பிடக் கூடாது, அது கல்யாணமாகாதவர்களுக்கு உரிய அடைமொழி என்று அகராதி வாசலில் நின்று விளக்குவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சார், மிஸ் இருக்காங்களா?” என்பார்கள்.

அந்த மிஸ் மூன்று மாதப் பயிற்சிக்காக ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு ஊருக்குக் கிளம்பினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, என்னை மிஸ் பண்ணுவீங்களா?”

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் தலையையாவது ஆட்டியிருப்பான்.

“அந்தச் சொல்லுக்குப் பதினோரு பொருள் இருக்கு. நீ எதைக் கேக்குற?”

“எனக்கு ஒண்ணு போதும்.”

“குறி தப்பினாலும் மிஸ்தான், பஸ்ஸை விட்டாலும் மிஸ்தான். ஒரு ரிங் விட்டுட்டு வெச்சா அதுவும் மிஸ்தான். இப்படி மொட்டையாக் கேட்டா எப்படி?”

அவள் சிரிக்கவில்லை. “சரி, பந்தயம் வெச்சுக்குவோம். அந்த அர்த்தத்துல யாரு முதல்ல சொல்றாங்கன்னு பாப்போம். தோத்தவங்க, ஜெயிச்சவங்க சொல்றதைக் கேக்கணும். எதிர்க்கேள்வி கேக்காம.”

“நானாவது, சொல்றதாவது!”

பஸ் நகர்ந்தது. கை அசைக்கலாமா, அசைத்தால் அது ஒப்புதலாகிவிடுமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பஸ் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வீடு பெரிதாகிவிட்டது. இருப்பது இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான். ஆனாலும் நாற்காலியிலிருந்து அடுப்படிக்கு நடக்க நேரமெடுத்தது. கைப்பழக்கத்தில் இரண்டு தம்ளர் டீ போட்டார். ஒன்றைக் குடித்தார். இன்னொன்றை ஆறிய பிறகு குடித்தார். செய்தித்தாளில் ஒரு எழுத்துப்பிழை. ‘மேயர் திறந்து வைத்தார்’ என்பது ‘மேயர் துறந்து வைத்தார்’ ஆகியிருந்தது. “இதைக் கேளேன்” என்று தலையைத் தூக்கினார். ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“கேஸை மூடினீங்களா?”

“ஆச்சு.”

“சரி, வெச்சிடட்டுமா?”

நாற்பது விநாடி. மறுநாளும் நாற்பது விநாடி. மூன்றாம் நாள் நிஜமாகவே நகவெட்டியைக் காணவில்லை. “தேடிக்கிட்டே இருக்கேன்” என்றார். கட்டிலுக்கு அடியில் பாருங்கள், கண்ணாடிக்குப் பின்னால் பாருங்கள், போன மாசம் எங்கே உட்கார்ந்து வெட்டினீர்கள் என்று அவள் விசாரித்ததில் நாலு நிமிஷம் ஓடிவிட்டது. போனை வைத்த பிறகு வீடு கொஞ்ச நேரம் பழைய அளவில் இருந்தது.

அகராதிக்கு வழி கிடைத்தது. மறுநாள் கத்திரிக்கோல். அதற்கடுத்த நாள் சாவி. ஒரு வாரத்தில் வீட்டில் காணாமல் போக மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே அவரே ஒளித்து வைக்க ஆரம்பித்தார்.

“மூக்குக்கண்ணாடியைத் தேடுறேன். எங்க வெச்சேன்னே தெரியல.”

“சர்க்கரை டப்பாவுல பாருங்க.”

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அங்கே வைத்திருந்தார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“டார்ச்சைத் தேடுறேன்.”

“அலமாரியில என் சால்வைக்குள்ள இருக்கும்.”

இருந்தது. டார்ச்சை ஒளிக்க வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, எதற்காக அந்தச் சால்வையை எடுத்துப் பிரித்தோம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். அவள் கேட்டாள்: “என்ன சார், மிஸ் இல்லாம உங்களுக்குத் தேடலையா?”

“எதைத் தேடணும்?”

“எதையும் இல்ல சார். சும்மாவே தேடும்ல. என் பொண்ணு கட்டிக்கிட்டுப் போனப்ப எனக்கு ஒரு மாசம் தேடிச்சு.”

“வாக்கியத்துல செயப்படுபொருள் இல்லையேம்மா.”

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்தாள். “உங்க சட்டையில பொத்தானும்தான் இல்ல. கழட்டிக் குடுங்க.”

ஆபீசில் நேரம் சரியாக எம் எழுத்தில் வந்து இடித்தது. ‘மிஸ்’ என்ற சொல்லுக்கு அவர் பொருள் எழுதிய சீட்டைப் பதிப்பாசிரியர் அம்மாள் திருப்பிக் கொடுத்தார்.

“பத்துப் பொருள் சரி. தவறவிடு, குறிதப்பு, விட்டுப்போ, எல்லாம் சரி. பதினொண்ணாவதா என்னமோ எழுதியிருக்கீங்களே, ‘ஒருவரது இன்மையை உளமார உணர்’னு. இது என்ன, இரங்கல் தீர்மானமா?”

“துல்லியமா இருக்கு மேடம்.”

“துல்லியமா இருக்கு. எவனாவது பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்வானா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நல்ல சொல்லும், பேச்சு வழக்குல ஒரு உதாரண வாக்கியமும் வேணும்.”

அவர் முயன்றார். ‘ஏங்கு’ என்று எழுதினார். சினிமாப் பாட்டு மாதிரி இருந்தது. ‘வாடு’ என்று எழுதினார். கீரைக்கட்டு நினைவுக்கு வந்தது. ‘நினைந்து உருகு’ என்றால் பஜனை. ‘பிரிவாற்றாமை’ என்று எழுதிவிட்டு, அதைப் போனில் சொன்னால் அவள் டாக்டரிடம் போகச் சொல்வாள் என்று அடித்தார்.

அன்றைக்கு ஏழு மணிக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

“ஒரு விஷயம். பயிற்சி முடிஞ்சதும் இங்கேயே இருந்துடச் சொல்றாங்க. பெரிய பள்ளிக்கூடம். மழலைப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்.”

அவர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நீ என்ன சொன்னே?”

“இன்னும் சொல்லல. நீங்க எதாவது சொல்றீங்களா?”

வார்த்தை பல் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்தார்.

“பேனா மூடியைத் தேடிக்கிட்டிருக்கேன்.”

“பேனாவோட பின்பக்கம் இருக்கும்” என்று வைத்துவிட்டாள்.

இருந்தது. அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை கூப்பிட்டு வராததால், இரண்டாவது தடவை கோபமாகக் கூப்பிட்டார்கள். அந்தக் கோபத்தைக் கேட்க அவருக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை திட்டம் தயார். அந்த வார்த்தையை அவளே முதலில் சொல்லிவிட்டால் அவள்தான் தோற்றவள். தோற்றவள் சொன்னபடி கேட்க வேண்டும். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர வேண்டும். மதிய இடைவேளைக்குச் சரியாகப் போன் போட்டார்.

“ஆபீஸ் விஷயம். ‘மிஸ்’ங்கிற சொல்லோட பதினொண்ணாவது பொருளுக்கு ஒரு உதாரண வாக்கியம் வேணும். பேச்சு வழக்குல. எனக்கு இதெல்லாம் வராது. நீ சொல்லு, எழுதிக்கிறேன்.”

“அவ்வளவுதானே? எழுதுங்க. ‘நான்.’”

“நான்.”

“‘உன்னை.’”

“உன்னை.” இன்னும் ஒரே சொல். அவள் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பதே தெரிந்தது.

“இங்க ஒரே சத்தம். எழுதின வரைக்கும் படிங்க, சத்தமா.”

“நான் உன்னை.”

“நல்லாப் படிக்கிறீங்களே! இன்னொரு தடவை. நான் உன்னை…” என்று இழுத்து, அவள் நிறுத்தினாள்.

ஆயிரம் குழந்தைகளிடம் நிறுத்திப் பழகிய நிறுத்தம் அது.

“மிஸ் பண்றேன்!” என்றார் அகராதி, வகுப்பிலேயே முதலாவதாகக் கை தூக்குகிற பையனைப் போல.

அந்தப் பக்கம் நாற்பது டீச்சர்கள் கை தட்டும் சத்தம் கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“செல்லாது! இது உதாரணம்!”

கை தட்டல் ஓய்ந்தது. அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே நடப்பது தெரிந்தது. “சரி, செல்லாதுன்னே வெச்சுக்குவோம். மூணு வாரமா தினமும் என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“தேடுறேன், தேடுறேன்னு. நீங்க ஒளிச்சு வெச்சா சர்க்கரை டப்பா, என் சால்வை, இந்த ரெண்டுதான். இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன். நீங்க என்ன டார்ச்சையா தேடினீங்க?”

அகராதி பேனாவைத் திறந்தார். முன்னால் இருந்த சீட்டில், பதினொன்றாம் எண்ணுக்கு நேரே ‘தேடு’ என்று எழுதினார். செயப்படுபொருள் போடவில்லை.

“ஆமா” என்றார். “தேடுது.”

“எனக்கு முதல் நாளே” என்றாள் அவள். “பஸ் திரும்பினப்பவே.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப அந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடு.”

“தோத்தது யாரு?”

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

“இங்க ஒரு வீடு பாத்திருக்கேன். பயிற்சி முடியற வரைக்கும் நீங்க தனியா உக்காந்திருக்க வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை லாரி வரும். உங்க மேடத்துக்கிட்ட பேசிட்டேன். சீட்டை அங்கேயிருந்து எழுதினாலும் எழுத்து எழுத்துதான்னு சொல்லிட்டாங்க. எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது.”

அவர் கேட்கவில்லை. ஆனால் தெருவில் ஒரு மரியாதை இருக்கிறது. இது தன் முடிவாகத்தான் வெளியே தெரிய வேண்டும். சாயங்காலம் சட்டையைச் சரி செய்துகொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினார்.

“அம்மா, நான் நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். குடும்பத் தலைவன்னா சில நேரம் திடீர்னு முடிவெடுக்க வேண்டியிருக்கு. நாங்க ஊர் மாறிப் போறோம்.”

தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே ஒரு மூட்டையை அவர் பக்கம் தள்ளினாள். “இந்தாங்க சார், புது வீட்டு ஜன்னல் திரை. மிஸ் பஸ் ஏறின அன்னைக்குக் காலையிலேயே அளவு குடுத்துட்டுப் போயிட்டாங்க.”